உட்கார்ந்த கண்ணுக்கு: 64 படைப்புகள், 860 சதுர அடி

படங்களை மாட்டி வீட்டை அமைத்துத் தரும் வேலைக்காக முதல் முறை இந்த வீட்டுக்குப் போனபோது சுவரில் ஒரு படம்கூட இல்லை. எல்லாம் தரையில், சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. குடிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "எங்கே ஆணி அடிப்பதென்று தெரியவில்லை. அதனால் எங்கேயுமே அடிக்கவில்லை" என்றார் வீட்டுக்காரர்.

ஆறாவது மாடி. 860 சதுர அடி. இரண்டு படுக்கையறை, வேலை செய்ய ஒரு சின்ன அறை, ஹாலும் சாப்பாட்டு மேசையும் ஒரே இடத்தில். இவற்றையெல்லாம் இணைப்பது 14 அடி நீளமும் 40 அங்குல அகலமும் கொண்ட ஒரு நடைவழி. கூரை உயரம் 9 அடி. ஹாலின் மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். வாசலைத் திறந்ததும் வரும் சிறிய முன்னறைக்கு ஜன்னலே கிடையாது.

மனைவி அச்சோவியம் (தகட்டில் செதுக்கிக் காகிதத்தில் அச்செடுக்கும் ஓவியம்) கற்றுக்கொடுப்பவர். கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பாளர். மகளுக்கு ஒன்பது வயது. சேகரிப்பை எண்ணிப் பார்த்தோம்: கித்தான் (கான்வாஸ்) ஓவியங்கள் 11, காகித வேலைகள் (அச்சோவியமும் நீர்வண்ணமும்) 31, புகைப்படங்கள் 9, துணி வேலைகள் 4, சுடுமண், உலோகப் படைப்புகள் 9. ஆக மொத்தம் 64. ஒன்றிரண்டைத் தவிர ஏலத்தில் விலைபோகிற சரக்கு எதுவும் இல்லை. பாதி நண்பர்களோடு பண்டமாற்று, கால்வாசி பழைய மாணவர்கள் கொடுத்தவை. அதனாலேயே "இதை விட்டுவிடலாமா?" என்று ஒன்றைச் சுட்டிக் கேட்பது சிக்கலான காரியமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் நின்றார்.

அவர்கள் என்னிடம் சொன்ன தேவை இரண்டே வாக்கியம். எல்லாமே வெளியே இருக்க வேண்டும். மியூசியம் மாதிரி இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்பது இரு தரப்புக்கும் அப்போது உறைக்கவில்லை.

57 அங்குலத் தவறு

படம் மாட்டுவதற்கு ஒரு பொது விதி உண்டு. படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குலத்தில், ஏறக்குறைய 145 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். நிற்கிற ஒருவரின் பார்வை மட்டத்தை ஒட்டிய அளவு இது. பல கேலரிகளில் இதுதான் நடைமுறை. நானும் பல வருடங்களாக யோசிக்காமல் இதைத்தான் செய்து வந்தேன். எல்லாச் சுவர்களையும் வரைந்து, 57இல் ஒரு கோடு போட்டு, படங்களை அந்தக் கோட்டில் கோத்தேன். கூரை விளக்குகளுக்கான ஆறு துளைகளையும் அந்த அளவுக்கே போடச் சொல்லிவிட்டேன்.

ஆணி அடிப்பதற்கு முன்னால் பழுப்புக் காகிதத்தை ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் வெட்டி, சுவரில் டேப்பால் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே வாழச் சொல்வேன். செலவில்லாத பரிசோதனை, பலமுறை காப்பாற்றியிருக்கிறது. மூன்றாம் நாள் மனைவி போன் செய்தார். "சோபாவில் உட்கார்ந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நின்றால்தான் சரியாகத் தெரிகிறது. ஆனால் இந்த ஹாலில் நாங்கள் எப்போது நிற்கிறோம்?"

பதில் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விதான் வேலையின் திசையையே மாற்றியது.

ஒரு சின்ன வரலாறு இங்கே உதவும். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் லூவர் அரண்மனையின் சதுரக் கூடத்தில் நடந்த சலோன் கண்காட்சிகளில் தரைக்குச் சற்று மேலிருந்து கூரை வரை சட்டத்தோடு சட்டம் உரசப் படங்களை அடுக்கினார்கள். இன்று 'சலோன் பாணி' என்று நாம் சொல்லும் நெருக்கமான அடுக்கல் அங்கிருந்து வந்ததுதான். வெள்ளைச் சுவர், ஒரே மட்டத்தில் ஒரே வரிசை, படங்களுக்கு நடுவே தாராளமான வெற்றிடம் என்ற இன்றைய வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1929இல் தொடங்கிய நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. இரண்டிலுமே பார்ப்பவர் நிற்கிறார், நடக்கிறார், கிளம்பிப் போய்விடுகிறார். வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிறார், சாய்ந்திருக்கிறார், கையில் துணிக்கூடையோடு அவசரமாகக் கடந்து போகிறார். அப்படியிருக்க, நிற்பவருக்கான அளவை நான் ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்?

சரி, மறுபடி முதலிலிருந்து. மூன்று பேருக்கும் மூன்று நிறத்தில் சிறிய ஒட்டுத்தாள்கள் கொடுத்தோம். எங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறார்களோ அங்கே ஒன்றை ஒட்ட வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டின் வரைபடம் வேறாகிவிட்டது. ஹாலில் சோபாவும் தரைவிரிப்பும் ஒட்டுத்தாளால் நிறைந்தன. "படம் மாட்டுவதற்கென்றே அமைந்த சுவர்" என்று நான் முதல் நாளே குறித்து வைத்திருந்த இடத்துக்கு எதிரே ஒன்றுகூட இல்லை. அப்புறம் அளவுநாடாவை எடுத்து எல்லோருடைய கண்ணையும் அளந்தோம். சோபாவில் கணவரின் கண் தரையிலிருந்து 44 அங்குலம், மனைவிக்கு 42. சாப்பாட்டு நாற்காலியில் 47. கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்தால் 36. மகள் பெரும்பாலும் தரையில்தான்: 24.

ஐந்து வேறு எண்கள். ஒன்றுகூட 57இன் பக்கத்தில் இல்லை.

எந்த அறையில் எந்த உடம்பு

இதன்பிறகு படத்தையும் சுவரையும் பொருத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். இந்த இடத்தில் உடம்பு எந்த நிலையில் இருக்கும், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விக்குப் பதில் எழுதினோம். படம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

வீட்டிலேயே பெரிய கித்தான் 5 அடி அகலம், 4 அடி உயரம். அதன் மூலைவிட்டம் 6 அடி 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு படத்தை முழுதாக, கண்ணை அலைக்கழிக்காமல் உள்வாங்க அதன் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி இருப்பது வசதி. இது என் கைப்பழக்க அளவு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிப் பார்த்தால் சுமார் 10 அடி தேவை. வீட்டில் அந்தத் தூரம் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்தது, சோபாவுக்கு நேர் எதிரே. அங்கே ஏற்கெனவே டிவி இருந்தது.

டிவியைப் பற்றி மூன்று வாரம் பேசினோம். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. முடிவில் அது பக்கச் சுவருக்கு, மடக்கும் தாங்கியில் போனது. பார்க்கும்போது வெளியே இழுத்துக்கொள்வார்கள். பெரிய கித்தான் சோபாவுக்கு எதிரே வந்தது. மையம் 48 அங்குலம். கீழ் விளிம்பு தரையிலிருந்து வெறும் இரண்டடி. காகிதத்தில் பார்த்தபோது சறுக்கி விழுந்துவிட்ட படம் போலிருந்தது. சோபாவில் உட்கார்ந்ததும் அது சரியாகிவிட்டது. அதன் கீழே மேசையோ அலமாரியோ வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பெரிய படத்துக்கு அடியில் தரை தெரிந்தால் அது சாமான்களின் மேல் தொங்கும் அலங்காரமாகச் சுருங்காது. அறையில் அதுவும் ஓர் ஆள் போல நிற்கும்.

சோபாவுக்கு மேலே உள்ள சுவர்தான் பலருக்கும் செல்லமான இடம். வீட்டிலேயே நல்ல படத்தை அங்கேதான் மாட்டுவார்கள். உட்கார்ந்திருப்பவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சுவரை இங்கே சாப்பாட்டு மேசையில் இருப்பவர்களுக்கு ஒதுக்கினோம். 14 அடி தூரத்திலிருந்து படிக்கக்கூடிய பெரிய உருவங்கள் வேண்டும். நுண்ணிய கோடுகள் அங்கே வீண். துணி வேலை பொருந்தியது.

நடைவழியில் நிலைமை நேர்மாறு. அங்கே உண்மையிலேயே நிற்கிறார்கள், நடக்கிறார்கள். 57 அங்குலம் சரியாக உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். ஆனால் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் கண்ணுக்கும் படத்துக்கும் இடையே இரண்டரை அடிகூடத் தேறாது. ஆகவே, 16 அங்குல மூலைவிட்டத்துக்கு மேல் எதுவும் இல்லை. துணிக்கூடை தூக்கிப் போகும் முழங்கை 42 அங்குல உயரத்தில் சுவரை உரசும் என்பதால் 46க்குக் கீழே சட்டம் எதுவும் வராமலும், சட்டத்தின் கனம் ஓர் அங்குலத்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொண்டோம். பதினோரு சிறிய அச்சோவியங்கள், ஒரே வரிசை. பக்கத்தில் போய் நின்று, தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம்வரை பார்க்க வேண்டிய வேலைகள் அவை. குறுகலான இடம் அதற்கு வரமாகிவிட்டது.

மகளின் அறையில் 20 அங்குல உயரத்தில் ஒரு மெல்லிய மரத்தட்டு, சுவரின் ஒரு பக்கம் முழுக்க. அவள் அதில் எதை வேண்டுமானாலும் சாய்த்து வைக்கலாம், எடுக்கலாம். பெரியவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டவள் அவளே.

செத்துப்போன படம்

நிறத்தில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. ஹாலின் பெரிய சுவருக்கு ஆழ்ந்த மயில்நீலம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்ததும் பெரிய கித்தானை மாட்டினோம். சற்று விலகி நின்று பார்த்த மனைவி, "செத்துவிட்டதே" என்றார்.

அந்த ஓவியம் செம்மண் நிறங்களும் பலவிதச் சாம்பல்களும் கொண்டது. அதன் உயிரே அந்தச் சாம்பல்களில்தான் இருக்கிறது. நீலச் சுவரின் நடுவே சாம்பல்கள் எல்லாம் லேசாக ஆரஞ்சு ஏறித் துருப்பிடித்த மாதிரித் தெரிந்தன.

இது புதிய புகார் இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் செவ்ரல் 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே அவருக்கு வந்த புகார்களில் ஒன்று, கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் வெளிறித் தெரிகிறது என்பது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நின்ற நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. அருகருகே இருக்கும் இரண்டு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்று விளக்கி 1839இல் வெளியிட்டார். நீலத்தின் எதிர்நிறம் ஆரஞ்சு. எங்கள் சாம்பலுக்கு நேர்ந்தது அதுதான்.

சட்டத்தை மாற்றிப் பார்த்தோம். வெளிறிய மரத்தில் இரண்டு அங்குல அகலச் சட்டம், கித்தானுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி. கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனால் போதவில்லை. அப்போது தற்செயலாக, நடைவழிக்குப் போக வேண்டிய ஓர் அச்சோவியத்தை அந்தச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கறுப்பு மசி, சுற்றிலும் மூன்றங்குல வெள்ளை மவுன்ட் அட்டை. அது நீலத்தில் ஜொலித்தது.

வெள்ளை மவுன்ட் வைத்த படம் தன் சுவரைத் தானே கொண்டுவருகிறது. மவுன்ட் இல்லாத கித்தான் வீட்டுச் சுவரோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும். இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இதை இப்படித் தெளிவாக யோசித்ததில்லை.

ஆக, நீலம் நடைவழிக்குப் போனது. ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை வைத்துச் சாயங்களுக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் தருவார்கள். கன்னங்கரிய கறுப்பு 0, முழு வெள்ளை 100. இந்த நீலத்துக்கு 9. அப்படியொரு நிறத்தை 40 அங்குல நடைவழியில் அடிப்பதா என்று பெயிண்டர் இரண்டு தடவை கேட்டார். நடைவழி இன்னும் குறுகிவிட்டது, உண்மைதான். அதிலிருந்து ஹாலுக்குள் காலடி வைக்கும்போது ஹால் இருமடங்கு அகலமாகத் தெரிவதும் உண்மை.

ஹாலின் சுவருக்கு நிறத்தை எங்கிருந்து எடுத்தோம்? ஓவியத்தில் பளிச்சென்று இருக்கும் ஒரு நிறத்தைப் பிடித்துச் சுவருக்கும் மெத்தை உறைக்கும் பூச வேண்டும் என்று ஓர் ஆலோசனை எங்கும் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓவியர் ஓர் ஓரத்தில் கைப்பிடியளவு சிவப்பு வைத்திருந்தால், அது கைப்பிடியளவு இருப்பதால்தான் சிவப்பு. அதையே எட்டடிச் சுவராக்கினால் ஓவியத்தின் குரல் அறையில் கரைந்துவிடும். நாங்கள் அந்தப் படத்தின் மிக அமைதியான நிறத்தை எடுத்தோம். கீழ் மூலையில் இருந்த ஒருவிதத் தவிட்டு நிறம். இரண்டுக்கு மூன்றடிப் பலகைகளில் அதன் நான்கு சாயல்களை அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளையும் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பகலில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு சாயல்கள் இரவில் பிரிந்துவிட்டன. ஒன்று பச்சை அடித்தது. பலகையில் பார்க்காமல் கைக்குட்டையளவு மாதிரித் தாளை நம்பியிருந்தால் அந்தப் பச்சைதான் சுவருக்கு வந்திருக்கும்.

ஜன்னல் இல்லாத முன்னறையில் சுவர்களை விட்டுவிட்டுக் கூரைக்கு மட்டும் அடர் மஞ்சள் அடித்தோம். மெக்சிகோ சிட்டியில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் 1948இல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீட்டில், மாடிப்படி அருகே உள்ள தங்கத்தகடு வேய்ந்த படைப்பு, விழும் வெளிச்சத்தைக் கூடத்துக்குள் திருப்பிவிடுகிறது. எங்களிடம் தங்கம் இல்லை. பித்தளையில் ஒரு புடைப்பு வேலை இருந்தது. ஒரே விளக்கை அதன்மேல் விழ வைத்தோம். அது மஞ்சள் கூரைக்கு ஒளியை எறிகிறது. அந்த முன்னறைக்குத் தனியாகக் கூரை விளக்கே போடவில்லை.

ஒரு பொடிக்கதை. 1876இல் லண்டனில் ஒரு கப்பல் அதிபர் தன் சாப்பாட்டு அறையின் வண்ணத்தைக் கொஞ்சம் சரிசெய்து தரும்படி ஓவியர் விஸ்லரிடம் கேட்டார். ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தரை தவிர அறை முழுக்க நீலப் பச்சையும் பொன் மயில்களுமாக மாறியிருந்தது. கூலியில் தகராறு. விஸ்லர் கடைசியாக ஒரு சுவரில் சண்டை போடும் இரண்டு மயில்களைத் தீட்டிவிட்டுப் போனார். ஒன்று அவர், மற்றது முதலாளி. அந்த அறை இப்போது வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை அருகே ஒரு தூணில் ஓவியம் தீட்டித்தர மனைவியின் தோழி ஒருவர் வந்தபோது, இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தூணின் நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டிக் கொடுத்தேன். சிரித்தார். டேப்பை மதித்தார். ஆனால் தூணுக்கு மேலே போகும் உத்திரத்தில் டேப் ஒட்ட நான் மறந்துவிட்டேன். இப்போது அந்த உத்திரத்தில் நான்கடி நீளத்துக்கு ஒரு கொடி ஓடுகிறது. நன்றாகவே இருக்கிறது.

வெளிச்சத்தின் கணக்கு

எல்லாமே வெளியே இருக்க வேண்டும் என்ற தேவை இந்த இடத்தில்தான் உடைந்தது.

ஒளி படத்துக்குச் செய்யும் சேதம் உண்டியல் மாதிரி. சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. எவ்வளவு பிரகாசம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கணக்கு. காகிதம், நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் வரம்பு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு). எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்குச் சுமார் 200. ஒரு நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் ஒளி தந்தால் ஒரு வருடத்துக்கு 1,46,000 லக்ஸ் மணி. நேர் வெயில் உச்சத்தில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதாவது, ஒன்றரை மணி நேர வெயில் ஓர் ஆண்டுக் கணக்கை விழுங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் தடுக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரம். மேற்கு ஜன்னலில் அது ஒரு பிற்பகல்.

இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மனைவிக்குத் தெரியாத விஷயமில்லை. மாணவர்களுக்கு அவரே சொல்லித் தருவது. தன் வீட்டில் தன் படங்களுக்கு அதைப் பொருத்திப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வெயிலுக்குப் பயப்படாதவற்றுக்குப் போனது: சுடுமண்ணும் உலோகமும், ஏழு துண்டுகள், ஆழமில்லாத அடுக்குகளில். கண்ணாடி போட்ட படத்தை அங்கே மாட்டியிருந்தால் மாலை முழுக்க ஜன்னலின் பிம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒரு காரணம். சோபாவுக்கு மேலே துணி வேலை ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நடைவழிதான் ஆச்சரியம். வெளிச்சமே வராத இடம். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் விளக்குகளை 50 லக்ஸுக்குக் குறைத்து வைத்தோம். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளில் அவை முக்கால் மணி நேரம்கூட எரியாது. வீட்டிலேயே மங்கலான மூலை காகிதத்துக்கு மிகப் பாதுகாப்பான இடமாகிவிட்டது.

அப்படியும் இருபது காகித வேலைகள் மிச்சம். இதற்கு விடை லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் வீட்டில் 1824இல் அமைத்த ஓவிய அறையில் இருக்கிறது. சுமார் 13 அடிக்கு 12 அடி அறை. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சுவர்கள் கீலில் திறக்கும் கதவுகள். ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொரு சுவர், அதிலும் படங்கள். ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் புகழ்பெற்ற ஓவிய வரிசைகள் இரண்டு அங்கேதான் இருக்கின்றன. இடத்தைப் பெருக்குவதற்கு மட்டுமில்லை, மூடியிருக்கும் நேரமெல்லாம் உள்ளே இருப்பவை இருட்டில் ஓய்வெடுக்கும் என்பதற்காகவும் எனக்கு இந்த யோசனை பிடித்தது.

கணவரின் வேலை அறையில் 9 அங்குல ஆழத்தில், புத்தகம் போல விரியும் மூன்று கதவுகள் வைத்த ஒரு சுவர் அலமாரி செய்தோம். "இது கதவா, சுவரா?" என்று தச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு கதவும் 3 அடிக்கு 4 அடி. வெளிமுகத்தில் கித்தான்கள், உள்முகங்களில் 14 காகித வேலைகள். கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து கதவின் எடை கூடுவதால் சாதாரணக் கீல் தாங்காது. கதவின் முழு உயரத்துக்கும் ஓடும் பியானோ கீல் போட்டு, அடியில் ஒரு சிறு சக்கரமும் வைத்தோம். மீதி ஆறு, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, பெட்டியில். ஆறு காகிதம், மூன்று துணி: எந்த நேரத்திலும் ஒன்பது படைப்புகள் வெளியே இருக்காது. எல்லாமே வெளியே வேண்டும் என்றவர் அந்த ஒன்பதை ஏற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம், அலமாரி செய்ய எடுத்த நேரத்தைவிட அதிகம்.

விளக்கு வைக்கும் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் தவறு இங்கே செலவாக வந்து நின்றது. ஒளி மேலிருந்து செங்குத்துக்கு 30 பாகை சாய்வில் விழுந்தால் படத்தில் பளபளப்பும் சட்டத்தின் நிழலும் குறைவு. 9 அடிக் கூரையில், மையம் 57 அங்குலத்தில் உள்ள படத்துக்கு விளக்கு சுவரிலிருந்து 29 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். மையத்தை 48க்கு இறக்கினால் அதுவே 35 அங்குலம். நான் முன்கூட்டியே போட்ட ஆறு துளைகளும் 29இல் இருந்தன. சட்டத்தின் மேல் விளிம்பு படத்தின்மேல் ஒரு கறுப்புக் கோடு போட்டது. எல்லாத் துளைகளையும் அடைத்து, 32 அங்குலத்தில் சுவருக்கு இணையாக ஒரு ட்ராக் (விளக்குகளைப் பொருத்தும் நீளத் தண்டு) ஓட்டினோம். இரண்டு உயரங்களுக்கும் 28 முதல் 32 பாகைக்குள் வருகிறது; நாளைக்குப் படம் மாறினாலும் விளக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். நிற ஒப்புமை (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற, 100 வரையான எண்) 90க்கு மேல் உள்ள எல்இடி, 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் சாயல் வெளிச்சம். அதிலும் சிவப்பைச் சரியாகக் காட்டும் விளக்காகப் பார்த்து எடுத்தோம். செம்மண் ஓவியத்தை மலிவான விளக்கில் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

சுவர் என்ற எதிரி

உள்சுவர்கள் எடை குறைந்த காற்றுத்துளைக் கற்கள். சாதாரண பிளக்கும் திருகும் முதல் நாள் பிடித்துக்கொள்ளும், ஆறாம் மாதம் தூளோடு வெளியே வரும். அந்தக் கல்லுக்கென்றே வரும் நீளமான பிளக்குகளைப் போட்டோம். பெரிய கித்தானுக்கு 45 பாகையில் சீவிய இரண்டு மரச்சட்டங்கள், ஒன்று சுவரில், ஒன்று படத்தின் முதுகில். மேலதை கீழதில் கொக்கி போல உட்கார வைத்துவிடலாம். எடை ஒரு புள்ளியில் தொங்காமல் நான்கடி நீளத்துக்குப் பரவும். மற்ற எல்லாப் படங்களுக்கும் இரண்டிரண்டு கொக்கி. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் கதவு சாத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர்மேலே, நேர்கீழே துளை போடாதீர்கள், உள்ளே வயர் போகும். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு துளையில் வயரைத் தொட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். நல்லவேளை, மெயின் அணைத்திருந்தது.

பெரிய பாடம் ஈரம். நடைவழியின் ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் குளியலறை. முதலில் மூன்று அச்சோவியங்களை அந்தப் பக்கம்தான் மாட்டினேன். இரண்டு வாரத்தில் மூன்றிலும் காகிதம் அலை அலையாக உப்பியது. சட்டத்துக்குப் பின்னால் தக்கைத் துண்டுகள் வைத்துக் காற்றுக்கு வழி விட்டுப் பார்த்தேன். பலனில்லை. சுவரே குளிரும்போது காற்றோட்டம் மட்டும் என்ன செய்யும்? மூன்றையும் எடுத்து, மவுன்டைப் பிரித்து, கனத்துக்கு அடியில் பல நாள் வைத்து நேராக்கினார் மனைவி. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. எதிர்ப்பக்கச் சுவரில் வரிசையை இறுக்கித்தான் பதினொன்றும் இடம் பிடித்தன. குளியலறைப் பக்கத்தில் இப்போது ஒரேயொரு சுடுமண் முகம்.

எட்டு மாதத்துக்குப் பிறகு

போன வாரம் போய்ப் பார்த்தேன். கணவருடைய சாய்வு நாற்காலி ஜன்னலோரம் நகர்ந்திருக்கிறது. அதற்கென்று கணக்கிட்டு மாட்டிய இரண்டு சிறிய கித்தான்களும் இப்போது வெறுமையான தரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை நகர்த்தித் தரட்டுமா என்றேன். "நாற்காலி திரும்பி வந்தாலும் வரும்" என்றார். மகளின் மரத்தட்டில் படங்களைவிடக் கூழாங்கற்கள் அதிகம். நடைவழியில் விருந்தாளிகள் நின்றுவிடுகிறார்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி கிடைப்பதில்லை என்பது புதிய புகார். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்று கதவு அலமாரியில் இரண்டாம் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதில் மனைவியின் ஆசிரியர் செய்த நான்கு அச்சோவியங்கள் இருக்கின்றன. மூடி வைக்க அவருக்கு மனம் வரவில்லையாம். லக்ஸ் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன்: பிற்பகலில் 140. எண்ணைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நான்கையும் பெட்டியில் இருப்பவற்றோடு மாற்றுவதாக ஒப்புக்கொண்டு, நாட்காட்டியில் தேதியும் குறித்தார். நேற்று போனில் கேட்டேன். குறித்த தேதி போய் நான்கு நாளாகிறது, இன்னும் மாற்றவில்லை.